சிவப்பு விழுந்த பித்தளை

எங்கள் கம்பெனி வேன் ஊரில் இரண்டு இடத்தில் நின்று ஆள் ஏற்றும். முதலில் பிள்ளையார் கோயில், அப்புறம் காலனி முனை. இரண்டுக்கும் நடுவில் கூப்பிடு தூரம்தான். பாதி வழியில் ஒரே இடமாக நிறுத்தினால் டீசலும் மிச்சம், நேரமும் மிச்சம். இதை ஒரு முறை டிரைவரிடம் சொல்லிப் பார்த்தேன். வேனைக் கிணற்றில் இறக்கச் சொன்னது போல என்னைப் பார்த்தார். யார் எந்த இடத்தில் ஏறுகிறார் என்று பார்த்தால் போதும், சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசு வாசலில் நிற்க வேண்டாம். நானும் அம்மாவும் காலனி முனையில் ஏறுகிறவர்கள்.

கம்பெனி என்பது உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற பக்கம், நெல் வயல்களுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. பித்தளைத் தகடு நாடா போலச் சுருட்டி, காயில் காயிலாக வந்து இறங்கும். அதைப் பிரஸ்ஸில் கோத்துவிட்டால் பிரஸ் வட்டமாக வெட்டி, சூடே காட்டாமல் அழுத்தி அழுத்தி, கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கப்பாக இழுத்துத் தள்ளும். வண்டிகளில் ஏதோ ஒரு கருவிக்கு அது மூடி. கப்புகளைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகு, பெண்கள் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து நல்லதையும் கெட்டதையும் பிரிப்பார்கள். அம்மாவுக்கு அந்த மேசையில் வேலை. எனக்கு அதற்குப் பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் குவாலிட்டி வேலை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள் நான்.

அம்மாவுக்கு அந்த மேசையில் ஒரு ஸ்டூல் கிடைத்ததை வீட்டில் யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறு வயதிலிருந்து அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, களை பறித்து, அவள் முழங்கால் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் நடக்க முடியாது. இங்கே வந்த முதல் வாரம் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "உக்காந்துக்கினு சம்பாரிக்கிறேன்மே. தலைக்கு மேல ஃபேன் வேற கீது." அந்த ஸ்டூல் போனால் அவளுக்கு வேறு வேலை கிடையாது. வீட்டில் முடங்க வேண்டியதுதான்.

சூடில்லாமல் இழுத்த பித்தளைக்கு ஒளிவு மறைவு தெரியாது. என்ன நடந்தாலும் தோலில் காட்டிவிடும். பிரஸ்ஸின் அச்சான டையில் ஒரு பொடித்துகள் ஒட்டிக்கொண்டால் கப்பு நெடுகக் கோடு விழும். தகடு செய்கிற மில்லிலேயே அதை அதிகம் வேகவைத்து அனுப்பியிருந்தால் இழுத்த இடமெல்லாம் சாத்துக்குடித் தோல் மாதிரி சொரசொரக்கும். எண்ணெயைச் சரியாகக் கழுவாவிட்டால் கறுக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கோபக்காரிக்கு ஏற்ற வேலை. எங்கேயோ யாரோ தப்புச் செய்திருக்கிறார்கள் என்று காலையிலேயே நம்பிக்கொண்டு கிளம்பலாம்.

அந்த வருஷம் வெயில் காலத்தில் சிவப்பு வந்தது. வாங்குகிற கம்பெனியிலிருந்து பெட்டிகள் திரும்பின. மஞ்சளாக இருக்க வேண்டிய கப்பின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு இளஞ்சிவப்புத் திட்டு. தேய்த்தால் போகவில்லை, கழுவினாலும் போகவில்லை. ஏன் வந்தது, இனிமேல் வராமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், அதுவரை சரக்கு வேண்டாம் என்றார்கள்.

எங்கள் மேனேஜர் காஞ்சிபுரத்திலிருந்து காரில் வருகிறவர். அவரை நல்லவர் என்று சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். திரும்பி வந்த கப்பு ஒன்றை என் லென்ஸில் வைத்துப் பார்த்தார். முழுதாக ஒரு நிமிஷம்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

"விரல் மாதிரி இருக்கு பாரு. கை வேர்வை," என்றார்.

"வேர்வைன்னா பழுப்பா வரும் சார், ரேகை தெரியும். இது சிவப்பா இருக்கு."

"அது ஆளப் பொறுத்து மாறும்மா." லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, மழை வருமா என்று கேட்கிறவர் போலக் கேட்டார்: "சார்ட்டிங் டேபிள்ல யார் யார் எந்த ஸ்டாப்பிங்?"

தெரியாமல் கேட்கிறாரா என்ன? வேன் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவரே அவர்தான். அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய வெள்ளைத் துணிக் கையுறைகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"உங்க ஸ்டாப்பிங்ல ஏர்றவங்களுக்கு மட்டும் குடு. மத்தவங்களுக்கு வேணாம். வயல்ல வேலை செஞ்ச கை, வேர்வை ஜாஸ்தியா இருக்கும். தப்பா எடுத்துக்காத, நீ படிச்ச பொண்ணு, உன்னச் சொல்லல. அடுத்த லோடுலயும் இந்தச் சிவப்பு வந்துச்சுன்னா அவங்கள டேபிள விட்டு எடுத்துடுவேன். ஸ்கிராப் அள்ளட்டும்."

ஸ்கிராப் என்பது பிரஸ் வெட்டித் தள்ளுகிற மீதித் தகடு. ஓரமெல்லாம் பிளேடு மாதிரி இருக்கும். குனிந்து வாரி, கூடையில் தூக்கி, வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அம்மா ஒரே நாளில் படுத்துவிடுவாள். அது அவருக்கும் தெரியும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த மனிதர் பித்தளைக்கும் பிறப்புக்கும் முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சை என் கையாலேயே இறுக்கவும் சொன்னார்.

கொடுத்தேன். கொடுக்காமல் இருந்தால் அன்றைக்கே கூடையைத் தூக்கச் சொல்லியிருப்பார். எங்கள் முனையில் ஏறுகிறவர்களுக்கு ஒவ்வொரு ஜோடியாக வைத்துக்கொண்டே வந்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் கோயில் முனையில் ஏறுகிற ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் நாள் முழுக்க ஊர் வம்பு பேசிக்கொண்டே கப்புப் பிரிப்பார்கள். அவர் கையை நீட்டினார்.

"எனக்கு எங்கம்மே? கையெல்லாம் ஒரே எண்ண."

"உங்களுக்கு இல்லக்கா."

"இன்னாத்துக்கு இல்ல? நானும் அதே டேபிள்லதான கீறேன்."

அடுத்த ஜோடியைப் பிரித்து அம்மா முன்னால் வைத்தேன். அவர் மேசையைச் சுற்றி ஒரு முறை பார்த்தார், யார் யார் கையில் வெள்ளை, யார் யார் கையில் இல்லை என்று. புரிந்ததும் நீட்டிய கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் கையுறை கேட்கவில்லை. அம்மாவோடு வம்பு பேசுவதும் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது.

அம்மா கையுறையை மாட்டி விரல்களை விரித்து ஆட்டினாள். "டாக்டரம்மா கணக்கா கீறேன் இல்ல?" என்று எல்லாருக்கும் காட்டினாள். எனக்கு அவள் மேல் வந்த கோபத்தில் கப்பு டிரேயைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"உனக்கு ரோஷமே கெடையாதாம்மா?"

"ரோஷம் கீதுடி. ஆனா அத்த வச்சிக்கினு முட்டிக்குத் தைலம் தடவ முடியுமா? எனக்கு அந்த ஸ்டூலு வேணும். நீ படிச்சவதானே, எதுனால சேப்பாவுதுன்னு கண்டுபுடி. என்னாண்ட வந்து கத்தாத."

அடுத்த லோடு தயாராகும்போதே தெரிந்துவிட்டது. கையுறை போட்டும் சிவப்பு வந்தது. மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். "சாப்பிடும்போது கழட்டுறாங்க, அப்படியே வந்து தொடுறாங்க. பழக்கம் அப்படி. இந்த லோடு போறதுக்குள்ள நிக்கலன்னா ஸ்கிராப்தான்." எந்தப் பக்கம் போட்டாலும் அவருக்கே பூ விழுகிற நாணயம் அது. இதற்கு மேல் வாயால் பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

பிரஸ்ஸுக்கே போனேன். கப்பு கழுவப் போகுமுன், எந்தப் பெண்ணின் கையும் படுமுன், பிரஸ் துப்புகிற வாயிலேயே உட்கார்ந்தேன். வழக்கமாக எல்லாம் ஒரே தொட்டியில் குவியும், எது முன்னால் வந்தது எது பின்னால் வந்தது என்று தெரியாது. நான் தொட்டியை நகர்த்திவிட்டு, விழ விழ ஒவ்வொன்றாகக் கம்பிக் கொக்கியால் எடுத்து, வந்த வரிசையிலேயே தரையில் சாக்கு விரித்து அடுக்கினேன். பிரஸ் ஓட்டுகிற அண்ணன் மெதுவாக ஓட்டிக் கொடுத்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் குவாலிட்டிப் பெண் கொலு வைக்கிறாள் என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

சிவப்பு அங்கேயே இருந்தது. எண்ணெய் பளபளக்க, டையிலிருந்து விழுந்த நிமிஷத்திலேயே கப்பில் சிவப்பு. அதோடு எங்கள் முனைப் பெண்களின் வேர்வைக் கதை முடிந்துபோனது. ஆனால் எனக்கு அது போதவில்லை. அவர்கள் இல்லை என்று காட்டினால் வேறு யாராவது ஒரு ஏழையைப் பிடிப்பார். காரணத்தையே கழுத்தைப் பிடித்து இழுத்து வந்து அவர் முன்னால் நிறுத்த வேண்டும் என்று இருந்தது.

சாக்கில் அடுக்கியதை எழுந்து நின்று பார்த்தேன். சிவப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை. ஒரு சிவப்பு, பிறகு வரிசையாக நல்லவை, மறுபடியும் ஒரு சிவப்பு, அதே அளவு நல்லவை. வேலி போட்டது மாதிரி ஒரே இடைவெளி. காயில் ஓட ஓட, அந்த இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டும் வந்தது. வேர்வைக் கைக்குக் கணக்குத் தெரியுமா? காயிலுக்குத் தெரியும். வெளிச் சுற்று பெரியது, உள்ளே போகப் போகச் சுற்று சிறியது. சுருட்டி வைத்த தகட்டின் ஒரே இடத்தில் எதுவோ மேலிருந்து இறங்கி, சுற்றுக்குச் சுற்று ஊறியிருக்கிறது. தகட்டில் பொட்டாக இருந்ததைப் பிரஸ் இழுத்து நீட்டியதால்தான் கப்பில் அது விரல் மாதிரி தெரிந்திருக்கிறது.

சிவப்பு என்றால் அமிலம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பு முதலில் துத்தநாகத்தைத் தின்னும், செம்பு மட்டும் மேலே மிஞ்சும். சொம்பில் புளியைத் தடவி மறந்து போனவர்கள் எல்லாருக்கும் அந்த நிறம் தெரியும். ஆனால் எங்கள் கொட்டகையில் அமிலமே கிடையாது. மில்லின் தவறோ என்று நினைத்துக்கொண்டு காயில் அடுக்கி வைத்திருக்கிற மூலைக்குப் போனேன்.

காயில்கள் மரப்பலகை மேல் படுத்திருந்தன. முன்வரிசையில் இருந்த ஒவ்வொன்றின் தலையிலும் குங்குமம் தடவிய அரை எலுமிச்சம்பழம் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது.

தினமும் அந்தப் பக்கம் போகிறவள்தான் நான். பார்த்துப் பார்த்துப் பார்க்காமலே போய்விட்டது. பைக்கின் சக்கரத்தில், லாரி முன்னால், கடை வாசலில் என்று எங்கே பார்த்தாலும் எலுமிச்சம்பழம்தான், யார் கவனிப்பார்கள்? சில மாதங்களுக்கு முன் பிரஸ்ஸில் ஒருவருக்கு விரல் நசுங்கிய பிறகு, கம்பெனிக்குக் கண்ணு பட்டுவிட்டது என்று மேனேஜர்தான் இதை ஆரம்பித்தார். அமாவாசை தோறும் அவரே பழத்தை அறுத்து, குங்குமத்தில் தோய்த்து, பிரஸ்ஸுக்கு ஒன்று, அடுத்து ஓட வேண்டிய காயில்களுக்கு ஒவ்வொன்று என்று வைப்பார். சும்மா வைத்தாலும் பரவாயில்லை. நன்றாகப் பிழிந்து, அழுத்தி, திருகி வைப்பார். அந்த வேலையை வேறு யாரையும் செய்யவிட மாட்டார், கை சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

நான் சிரித்தேன். கொட்டகையில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு ஒரு பழத்தைத் தூக்கினேன். அடியில் சுற்றுகளின் விளிம்பு ரோஜா நிறத்தில் இருந்தது.

சந்தேகமே இருக்கக் கூடாது என்று, ஸ்கிராப்பில் ஒரு சுத்தமான தகட்டுத் துண்டை எடுத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்து அதன் மேல் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் எடுத்தபோது அதே சிவப்பு. தகட்டையும் கப்பையும் பழத்தையும் ஒரு டிரேயில் வைத்து மேனேஜர் மேசைக்குக் கொண்டுபோனேன். சீர்வரிசைத் தட்டு கொண்டுபோவது மாதிரித்தான் கொண்டுபோனேன். அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

பார்த்தார். கப்பைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை, உடனே புரிந்துவிட்டது. காது மடல் சிவந்தது.

"சாமி விஷயத்துல கை வைக்காதம்மா," என்றார்.

"நான் சாமி மேல சொல்லல சார். பழச்சாறு மேல சொல்றேன்."

"சரி, போய் வேலையப் பாரு."

மறுநாள் காலையில் காயில்கள் மேல் ஒரு பழம்கூட இல்லை. எல்லாம் தூணடியில், சிமென்ட் தரையில் வரிசையாக இருந்தன. ஊறிப்போன காயில்கள் ஓடித் தீர்ந்ததும் சிவப்பு அடியோடு நின்றது. எனக்கு யாரும் மாலை போட வேண்டாம். அம்மா கையிலிருந்து அந்த உறையைக் கழற்றச் சொல்வார்கள் என்று மட்டும் எதிர்பார்த்தேன். காலைக் கூட்டத்தில் எல்லாரையும் நிற்கவைத்து மேனேஜர் பேசினார்.

"கிளவுஸ் போட்டதும் சிவப்பு நின்னுச்சு, பாத்தீங்களா? கஸ்டமருக்கும் அதைத்தான் எழுதி அனுப்பியிருக்கேன். சில பேரோட கைக் கறை, கிளவுஸ் குடுத்துட்டோம்னு. கஸ்டமரும் ஒத்துக்கிட்டாங்க. இனிமே கிளவுஸ் போட்டிருக்கிறவங்க அதைக் கழட்டவே கூடாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் மறைத்ததோடு விடாமல் அந்தச் சோற்றையும் எங்களுக்கே பரிமாறினார். கூட்டம் கலைந்ததும் அவர் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"பழத்தை எடுத்ததும்தானே சார் நின்னுது?"

"அதை எழுத முடியுமாம்மா? எலுமிச்சம்பழம் வச்சோம்னு சொன்னா சிரிப்பாங்க."

"இவங்க கைதான் காரணம்னு எழுதினா சிரிக்க மாட்டாங்களா?"

"அதுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க," என்றார். வேண்டுமென்று குத்துகிற குரலில்கூடச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அவர் சொன்னதிலேயே உண்மையான ஒரே வார்த்தை அதுதான், அதற்காகவும் அவரை வெறுக்கிறேன்.

எங்கள் தொழிலில் இப்படி ஒரு கொடுமை உண்டு. இந்தக் குறைக்கு இதைச் செய்தோம் என்று வாங்குகிறவனுக்கு ஒரு முறை எழுதிக் கொடுத்துவிட்டால், அது பொய்யாக இருந்தாலும் அதற்கப்புறம் சட்டம். அதைச் செய்கிறோமா என்று பார்க்க ஆள் வருவான். வந்தார். இளம் வயது இன்ஜினியர், கழுத்தில் அட்டை தொங்கியது. மேசையைப் பார்த்தவர் முதல் கேள்வியாகவே அதைக் கேட்டார்.

"ஏன் பாதிப் பேர் மட்டும் கிளவுஸ் போட்டிருக்காங்க?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். ஏதாவது நல்ல காரணமாகச் சொல்லு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். சொன்னேன்.

"வேன் ரெண்டு எடத்துல நிக்கும் சார். போட்டிருக்கிறவங்க காலனி முனையில ஏர்றவங்க. போடாதவங்க கோயில்கிட்ட ஏர்றவங்க."

மேசை முழுக்க அப்படியே நின்றது. ஒரு கப்புகூட டிரேயில் விழவில்லை. அந்த இன்ஜினியர் மேனேஜரைப் பார்த்தார், பிறகு தன் ஷூவைப் பார்த்தார். கடைசியில், "எல்லாருக்கும் குடுத்துடுங்க, அதான் சேஃப்," என்று முனகிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். அதற்கு மேல் அவரிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

எல்லாருக்கும் கையுறை வந்தது. கோயில் முனைப் பெண்கள் தொடவில்லை. கேட்டு வாங்க முதலில் கை நீட்டினாரே, அந்த அக்காதான் முதலில் எழுந்தார். "அவங்க போட்டுக்கினு கீற மாதிரி நாங்க இன்னாத்துக்குப் போடணும்? எங்க கையில இன்னா கீது?" என்றார். சாயந்திரத்துக்குள் அது ஊருக்குள் போய், ஊர்ப் பெரிய மனிதர்கள் போன் செய்து, மறுநாள் காலையில் கொட்டகையில் இரண்டு மேசைகள் இருந்தன. உறை போட்ட மேசை ஒன்று, போடாத மேசை ஒன்று. டீக்கடையில் இரண்டு டம்ளர் வைத்தால் போலீசுக்குப் போகலாம். இங்கே இரண்டு மேசை போட்டால் அதற்கு லேஅவுட் என்று பெயர். ஃபேன் உறை போடாத மேசைக்கு மேல் இருந்தது.

அம்மாவுக்கு ஸ்டூல் மிஞ்சியது. நான் எதற்காகக் காயில் காயிலாக அலைந்தேனோ அது கிடைத்தது. "கெடைச்சுட்ச்சு இல்ல, மூஞ்சிய ஏன் அப்டி வச்சிக்கினு கீற?" என்றாள் அம்மா. தகரக் கூரைப் புழுக்கத்தில் அவள் கழுத்தெல்லாம் வேர்த்து வழிந்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

மழைக்காலம் வந்தது. ஈரக்காற்றில் வெறுங்கை பட்ட பித்தளை கறுக்கும். பெட்டிகள் மறுபடியும் திரும்பின. மேனேஜர் ஒரு கப்பைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். பழுப்பாக ஒரு கறை.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க. கிளவுஸக் கழட்டிட்டுத்தான் வேலை செய்றாங்க. அந்த டேபிள்தானே? சொல்லு." அவர் விரல் அம்மா இருந்த பக்கம் நீண்டது.

நான் லென்ஸை எடுத்து, கப்பை அதன் அடியில் வைத்து, அவர் பக்கம் தள்ளினேன். சுழி சுழியாக ரேகை, பெருவிரல் வைத்த இடம் முழுசாகத் தெரிந்தது.

"கையுறைக்கு ரேகை ஏது சார்?"

கொஞ்ச நேரம் லென்ஸில் இருந்து கண்ணை எடுக்காமலே இருந்தார். எடுத்தால் என்னைப் பார்க்க வேண்டுமே. பிறகு கப்பைப் பையில் போட்டுக்கொண்டு, "அவங்களையும் போடச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். கறை எங்கள் பக்கம் என்று இருந்தபோது ஸ்கிராப் அள்ளச் சொன்னவர், அந்தப் பக்கம் என்றதும் கெஞ்சப் போனார். அவர்களும் ஒரு வழியாக ஒத்துக்கொண்டார்கள், ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். வெள்ளை வேண்டாம். அந்த மேசைக்காரர்கள் போடுகிற மாதிரி வேண்டாம், வேறு நிறத்தில் வேண்டும். மேனேஜர் காஞ்சிபுரத்தில் கடை கடையாகத் தேடி, ஆஸ்பத்திரியில் போடுகிற ரப்பர் கையுறை வாங்கிவந்தார். நல்ல பளிச்சென்ற நீலம்.

அன்றைக்கு அந்த மேசையில் எல்லாரும் நீலக் கைகளோடு உட்கார்ந்ததைப் பார்த்து அம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியவில்லை. "அய்யய்யோ, நம்ம கொடிக் கலரக் கையில மாட்டிக்கினு குந்திக்கினு கீறாளுங்களே!" என்று வெடித்துச் சிரித்தாள். எங்கள் காலனி முனையில் நிற்கிற கொடிக்கம்பம் நீலம். அதைப் பிடுங்க ஊர்ப் பையன்கள் ஒரு முறை வந்து, எங்களோடு கைகலப்பே நடந்திருக்கிறது. வெள்ளைக் கை மேசை மொத்தமும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. நீலக் கை மேசையிலிருந்து, "இன்னாமே சிரிப்பு?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் இல்லமே, அழகா கீது," என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மேசையிலிருந்து வருகிற கப்புகளும் ஒரே பெட்டியில்தான் போய் விழுகின்றன. எது யார் பிரித்தது என்று என் லென்ஸுக்கே தெரிவதில்லை. இரண்டு மேசைக்கும் நடுவில் டிராலி போகிற அளவு இடம் விட்டிருக்கிறார்கள். என் ஸ்டூலைத் தூக்கிவந்து அந்த நடுவில் போட்டுக்கொண்டேன். இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று மேனேஜர் கேட்டார். இரண்டு மேசையையும் நான்தானே பார்க்க வேண்டும், வேறெங்கே உட்கார்வது என்றேன். டிராலி தள்ளுகிறவர் ஒரு நாளைக்குப் பத்து தடவை வந்து நின்று, "வழி வுடும்மே," என்று கத்துகிறார். சுத்திக்கினு போ என்கிறேன்.